பொருள்: ப்ரூஃப் நாணயத்தை (சேகரிப்பவர்களுக்காகத் தனி மெருகோடு அடித்தது) துடைத்துக் கெடுத்தது, தவறான மதிப்பீட்டு அறிக்கை கொடுத்தது

மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
மும்பை.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். போன் செய்தால் மெயில் அனுப்பச் சொல்கிறீர்கள். மெயில் அனுப்பினால் நேரில் வரச் சொல்கிறீர்கள். நேரில் வந்தால் "போன் செய்துவிட்டு வந்திருக்கலாமே" என்கிறீர்கள். இனி எழுத்தில்தான் பேசுவது என்று முடிவு செய்து இதை எழுதுகிறேன்.

மதிப்பீட்டுக் கட்டணம் செலுத்தி உங்களிடம் நான் கொடுத்தவை: 2010இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வெளியிட்ட ஆயிரம் ரூபாய் ப்ரூஃப் நாணயம், டப்பாவோடு. அப்புறம் என் அப்பா வாங்கிவைத்த காந்தி நூற்றாண்டு பத்து ரூபாய் வெள்ளி நாணயம்.

உங்கள் அறிக்கையில் காந்தி நாணயத்தின் ஆண்டு 1948 என்று இருக்கிறது. நாணயத்தில் உள்ள 1869–1948 என்பது காந்தி பிறந்த, மறைந்த ஆண்டுகள். நாணயம் வெளிவந்தது 1969இல். இது சேகரிப்பில் இறங்கிய பள்ளிப் பையனுக்கும் தெரியும். எந்த நாணயச் சாலையில் அடித்தது என்ற இடம் காலி. மும்பைக்கு வைரக் குறி, ஹைதராபாதுக்கு நட்சத்திரம், கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. இதைக்கூடப் பார்க்காமல் என்ன மதிப்பீடு? அரசு நாணயச் சாலை கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஃபோர்ட் பகுதியில்தான் கடை வைத்திருக்கிறீர்கள்!

ஆயிரம் ரூபாய் நாணயத்துக்கு வெறும் வெள்ளி விலை போட்டிருக்கிறீர்கள். அதுவும் தப்பு. அது 35 கிராம், 80 சதவீதம் வெள்ளி. அதாவது 28 கிராம். நீங்கள் நூறு ரூபாய் வெள்ளி நாணயங்களின் கலவையான 50 சதவீதத்தைப் போட்டுப் பதினேழரை கிராம் என்கிறீர்கள். உருக்கும் விலைகூடச் சரியாகப் போடத் தெரியவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஆயிரம் ரூபாய் நாணயத்தை மூடியிருந்த பிளாஸ்டிக் கேப்ஸ்யூலைத் திறக்கச் சொன்னது யார்? உங்கள் கவுன்ட்டரில் இருந்தவர், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச்சொல்ல, எவர்சில்வர் டம்ளரைத் துடைப்பதுபோல் மஞ்சள் துணியால் தேய்த்தார். ப்ரூஃப் என்றால் மெருகேற்றிய அச்சில் தனியாக அடித்து, கண்ணாடி மாதிரிப் பரப்போடு வருவது. அதில் கை பட்டாலே தடம் விழும். இப்போது வெளிச்சத்தில் சாய்த்தால் மயிரிழைக் கீறல்கள் தெரிகின்றன. கேட்டதற்கு அவர், "கோயில் காசுதானே, பூஜை அறையில் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் பார்த்துவிட்டு லட்சம் லட்சமாகக் கேட்டு வருகிற கும்பல்" என்று இந்தியில், பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கச் சொன்னார். நான் வைஷ்ணோதேவி படம் போட்ட சாதாரணக் காசைக் கொண்டுவந்து கோடீஸ்வரன் ஆகப் பார்க்கவில்லை. பழைய நாணய மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் விட்ட எச்சரிக்கையை நானும் படித்தவன்தான்.

மன்னிக்கவும், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: அதற்கு முன்னால் ஒருமுறை, அடைமழையில் மாட்டுங்காவிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து, சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தால் ஷட்டர் மூடியிருந்தது. வரச் சொன்னதே உங்கள் ஆள்தான். இருமல் இன்னும் போகவில்லை.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். நாணயத்தின் தரம், நாணயச் சாலை, எந்த ஏல விலையை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்பதைக் குறிப்பிட்டுத் திருத்திய அறிக்கை தாருங்கள். கெடுத்த நாணயத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் நஷ்டஈடு தாருங்கள். அப்பா காலத்திலிருந்து வரும் சேகரிப்பில் ஒரு நாணயம் பாழாகிவிட்டது, அதற்கு இது குறைவுதான். தயவுசெய்து பதினைந்து நாளுக்குள் முடித்துக் கொடுங்கள்.

இல்லையென்றால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்திலும் புகார் செய்வேன். கொடுப்பதற்கு முன் எடுத்த போட்டோக்கள், கட்டண ரசீது, உங்கள் அறிக்கை எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். அந்தக் கவுன்ட்டர்காரரை விட்டுப் போன் செய்யச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மாட்டுங்கா.