ஸ்பிண்டில் நேராக இருக்கிறது

திருவொற்றியூர்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, பழைய டிரில்லிங் மெஷினைச் சீராக்க இத்தனை பாடுபடுவதற்குப் புதிதாகவே ஒன்று வாங்கியிருக்கலாமே என்று கேட்டாய். அது நியாயமான கேள்வி. தொலைபேசியில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதும் ஒன்று இருக்கிறது.

சாத்தங்காடு பக்கத்தில் மூடப்பட்ட ஒரு லேத் பட்டறையிலிருந்து வந்த மெஷின் இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் அந்தப் பட்டறைக்குள் முழங்கால் அளவுக்கு நின்றதில் அடிப்பலகையும் தூணின் கீழ்ப்பகுதியும் துருவேறிப்போய், காயலான் கடைக்கு எடைக்குப் போக இருந்த நிலையில்தான் நான் கேட்டு வாங்கினேன். அடிப்பலகை, டேபிள், தலைப்பகுதி மூன்றும் கனமான வார்ப்பிரும்பு. குறைந்த விலையில் இப்போது கிடைக்கும் சிறிய மெஷின்களில் தூண் மெல்லிய குழாயாகவும் டேபிள் லேசாகவும் இருப்பதால், 12 மி.மீ. பிட்டைப் போட்டு அழுத்தினால் டேபிள் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து கொடுக்கும், துளையும் சாய்ந்துவிடும். வார்ப்பிரும்பு அதிர்வைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். இதற்கு இணையான கனத்தில் புதிதாக ஒன்று வாங்க வேண்டுமானால் அந்த விலை நமக்குக் கட்டுப்படியாகாது.

ஆனாலும் கனம் மட்டும் இருந்தால் போதாது. டிரில்லிங் மெஷினின் உயிர், பிட்டைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலில்தான் இருக்கிறது. அது வளைந்திருந்தால் மற்றதையெல்லாம் எவ்வளவு அழகுபடுத்தினாலும் பயனில்லை. ஆகவே ஒரு நட்டைக்கூடக் கழற்றுவதற்கு முன்பு, காந்த ஸ்டாண்டை டேபிளில் நிறுத்தி, பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் ஒரு நேரான கம்பியைப் பிடித்து, நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையை அதன் மேல் வைத்து, புல்லியைக் கையாலேயே மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். முள் 0.18 மி.மீ. ஆடியது. இந்த இடத்தில்தான் பலரும் ஸ்பிண்டில் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஸ்பிண்டிலின் பக்கவாட்டுத் துளையில் டிரிஃப்ட் என்னும் ஆப்பைச் செருகித் தட்டி, சக்கை அதன் தண்டோடு வெளியே எடுத்தேன். உள்ளே இருப்பது இரண்டாம் எண் மோர்ஸ் டேப்பர் என்னும் கூம்பு வடிவத் துளை. ஏறத்தாழ 20 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. என்ற அளவில் விட்டம் குறைந்துகொண்டே போவதால், திருகு எதுவும் இல்லாமல் உராய்வினாலேயே தண்டு உள்ளே இறுகிப் பிடித்துக்கொள்ளும். அந்த உராய்வுப் பரப்பில் ஒரு சிறு துரும்பு இருந்தாலும் சக் சாய்ந்து நிற்கும். தண்டின் மேல் துருவும், பழைய கிரீஸில் ஒட்டிக் கறுத்துப்போன இரும்புச் சீவல்களும் அப்பியிருந்தன. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் டேப்பரின் உட்புறத்தைத் துடைத்துவிட்டு, கேஜின் முனையை நேராக அந்த உட்சுவரிலேயே வைத்துச் சுற்றினேன். 0.02 மி.மீ. மட்டுமே. ஸ்பிண்டில் நேராக இருக்கிறது! அதைப் பார்த்ததும் எனக்கு வந்த மகிழ்ச்சியை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆட்டம் முழுவதும் சக்கிலும் அதன் தண்டிலும்தான் இருந்தது; அவை இரண்டையும் புதிதாக மாற்றிக்கொள்ளலாம்.

அதன் பிறகே பிரித்தேன். நீ எப்போதாவது இத்தகைய மெஷினைப் பிரிக்க நேர்ந்தால், கைப்பிடிக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள வட்டமான மூடியிடம் மிகுந்த கவனமாக இரு. ஸ்பிண்டிலை மேலே தூக்கிவிடும் சுருள்வில் அதற்குள்தான் முறுக்கேறி இருக்கிறது. நட்டை முழுவதும் கழற்றிவிட்டால் மூடி ஒரே வீச்சில் சுழன்று விரலைக் கிழித்துவிடும். தடித்த கையுறை அணிந்து, மூடியை இறுகப் பிடித்தபடி, ஒவ்வொரு காடியாக விட்டு முறுக்கைத் தளர்த்த வேண்டும். கையுறை அந்த வேலைக்கு மட்டும்தான். மெஷின் ஓடும்போது கையுறை போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கவே கூடாது.

பேரிங்குகள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அவற்றின் மேலேயே எண் பொறித்திருந்ததால் பாரிமுனையில் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. சுழலும் அச்சின் மேல் பேரிங்கை ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும், அது உட்காரும் கூட்டுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். மாற்றி அழுத்தினால் குண்டுகள் ஓடுபாதையில் பள்ளம் பதித்து, புதிய பேரிங்கே இரைச்சல் போடத் தொடங்கிவிடும்.

துருவை எடுக்க, சிறிய பாகங்களைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் இட்டு, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைப் பாகத்துக்கும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கும் கொடுத்தேன். தகட்டுக்குப் பதிலாக எவர்சில்வரை வைக்கக் கூடாது, அதிலிருக்கும் குரோமியம் நஞ்சாகக் கரையும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் மாடித் திறந்தவெளியில்தான் இதைச் செய்தேன். சுருள்வில்லை மட்டும் அதில் போடவில்லை. ஹைட்ரஜன் ஏறினால் வில் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். தூணை மண்ணெண்ணெயும் எமரி தாளும் கொண்டு கையாலேயே தேய்த்தேன். நம் பக்கத்து உப்புக்காற்றுக்கு அது ஒரே வாரத்தில் மறுபடியும் சிவந்துவிடும் என்பதால் வேலை முடிந்ததும் மெல்லிய எண்ணெய் பூசிவைப்பது வழக்கமாகிவிட்டது.

டேபிளில் யாரோ பிட்டை இறக்கிய அரைநிலாத் தழும்புகள் பல இருக்கின்றன. அவற்றை வெல்டிங் வைத்து நிரப்பலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு உடன்பாடில்லை. வார்ப்பிரும்பு சீரற்ற சூட்டில் விரிசல் விடும், தளமும் முறுக்கிக்கொள்ளும். தழும்பு பார்க்க நன்றாக இல்லை, அவ்வளவுதான். வேலைக்கு அதனால் தடையில்லை. பெயின்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ரெட் ஆக்சைடு பூசி, மேலே பச்சை எனாமல் அடித்திருக்கிறேன்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. மோட்டார் தலைப்பகுதியின் பின்னால் உயரத்தில் இருந்ததால் வெள்ளம் அதைத் தொடவில்லை. அரை குதிரைத்திறன், மூன்று ஃபேஸ், 415 வோல்ட். நம் வீட்டில் இருப்பதோ ஒற்றை ஃபேஸ். ஒற்றை ஃபேஸ் மோட்டாராக மாற்றுவது ஒரு வழி. ஆனால் டெர்மினல் பெட்டியைத் திறந்தபோது மூன்று வைண்டிங் சுருள்களின் ஆறு முனைகளும் வெளியே இருக்கின்றன, சுருள்களின் ஒருபக்க முனைகளை ஒன்றுசேர்க்கும் ஸ்டார் முறையில் இணைத்திருக்கிறார்கள். அதை, சுருள்களை முக்கோணமாகக் கோக்கும் டெல்டாவுக்கு மாற்றி, ஒற்றை ஃபேஸை மூன்று ஃபேஸாக்கி மோட்டாரின் வேகத்தையும் மாற்றித் தரும், 230 வோல்ட் உள்ளீடு உள்ள ஒரு டிரைவ் வைத்தால் பழைய மோட்டாரையே ஓட்டலாம் என்று நினைக்கிறேன். டிரைவ் வைத்தாலும், பெல்ட்டை இடம் மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் புல்லிப் படிகளை விடப்போவதில்லை. சாதாரண இரும்பில் நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டுவேகம் என்று கொண்டால் 5 மி.மீ. பிட்டுக்கு 1,900 சுற்று, 16 மி.மீ. பிட்டுக்கு 600 சுற்று வேண்டும். அந்த 600-ஐ டிரைவில் குறைத்துப் பெற்றால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றி மோட்டார் சூடாகும், விசையும் போதாது. புல்லியில் குறைத்தால் விசை கூடும்.

நீ டிரைவ் வேலையிலேயே இருப்பவள் என்பதால் இரண்டு சந்தேகங்களைத் தீர்த்து வை. இவ்வளவு பழைய வைண்டிங்கின் இன்சுலேஷன் டிரைவ் தரும் மின்னழுத்தத் துடிப்புகளைத் தாங்குமா? மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க வீட்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழாமல் இருக்க எந்த வகை வைக்க வேண்டும்? நேம்பிளேட்டையும் டெர்மினல் பெட்டியையும் படமெடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன். நீ பார்த்துச் சொன்ன பிறகே எதையும் வாங்குவேன்.

அன்புடன்,
அப்பா