பாதையடித் தேநீர்க்கடை

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

ஆடைத் தொழிற்சாலை வேலை போய்விட்டது என்று நேற்று போனில் நீ அழாமல் பேசினாய். அம்மாவுக்கு அதுதான் பயம். "அழுதிருந்தால் ஒரு வாய் சாப்பிட்டிருப்பாள்" என்று இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலில் கடதாசி வேலையை முடிப்போம். "சுயவிருப்பத்தில் விலகுகிறேன்" என்று எதையாவது நீட்டினால் கையெழுத்துப் போடாதே. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், உன் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் ஆட்குறைப்பு என்று சொல்லி நிறுத்த முடியாது. முறைப்பாடு கொடுக்க ஆறு மாதம் இருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளப்படி, நாலரை மாதச் சம்பளம் பணிக்கொடை வரவேண்டும். அது அவர்கள் காட்டும் தயவு இல்லை, கேட்டு வாங்கு. ஈ.ரி.எப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதியக் காசையும் எடுக்கலாம். ஈ.பி.எப். என்கிற சேமலாப நிதி, பெண்களுக்கு 50 வயதில்தான். கலியாணத்துக்காக வேலையை விட்டால் முன்னமே எடுக்கலாமாம். இதை எழுதச் சொன்னது அம்மா, நான் இல்லை.

சரி, அந்த மீன் ஏற்றுமதிக் கம்பனியில் தரம் பார்க்கும் வேலைக்கு விண்ணப்பிக்கும் விஷயம். "ஒன்பது வருஷம் சட்டை பார்த்தவளுக்கு மீனைப் பற்றி என்னப்பா தெரியும்?" என்று கேட்டாய்.

கிண்ணியாப் பாதையடியில் நமக்கு இருந்த தேநீர்க்கடை உனக்கு ஞாபகம் இருக்கும். பாதை என்கிற அந்த மிதவைப் படகு வரும்வரை, அக்கரைக்குப் போகக் காத்திருக்கிற சனம்தான் நம்முடைய வியாபாரம். 2009 ஒக்டோபரில் பாலம் திறந்தார்கள். அன்றைக்கு இலங்கையிலேயே நீளமான பாலம், 396 மீற்றர். எல்லாரோடும் சேர்ந்து நானும் அந்தப் பக்கம் நடந்துபோய் வந்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நாள் 14 தேத்தண்ணி விற்றது. பணிஸ் முழுக்க மிஞ்சி, மூன்று நாள் நாம்தான் சாப்பிட்டோம். யாரைக் கோபிக்கிறது? ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சியை மழைக்குள் காக்கவைத்த பாதை அது. பாலம் வந்தது நல்லதுதான். ஆனால் கடை போய்விட்டது.

பிறகு நிலாவெளியில் ஒரு ஹோட்டலுக்குக் களஞ்சியத்துக்கு ஆள் தேடினார்கள். "ஹோட்டல் வேலை தெரியுமா?" என்று முதலாளி கேட்டார். தெரியாது என்றேன். எழும்பப் போனவனை இருத்தி, "கடையில் ஒரு நாளைக்கு எத்தனை பணிஸ் எடுப்பீர்?" என்றார். சாதாரண நாளில் 120, வெள்ளிக்கிழமை ஜும்மா என்பதால் 70, பெருநாளுக்கு முதல் நாள் 200, கடல் கொந்தளித்தால் 40 என்று சொன்னேன். அன்றைக்கே வேலை தந்தார். எட்டு வருடம் அங்கே இருந்தேன். முதல் மாதம் சீஸ் எது, பட்டர் எது என்று தெரியாமல் குசினிப் பொடியன்களிடம் சிரிப்பு வாங்கியதையும் சொல்லத்தான் வேண்டும்.

நீயும் ஒருமுறை சொன்னாயே, ஆயிரம் சட்டை வந்தால் 80 எடுத்துப் பார்ப்போம், பிழை ஐந்துவரை விடுவோம், ஆறு என்றால் முழுவதையும் திருப்புவோம் என்று. சூப்பர்வைசர் முறைத்தாலும் திருப்பியவள் நீ. மீன் கம்பனிக்காரனுக்கும் அப்படி ஒருத்திதான் வேண்டும். குளிர் அறையில் மைனஸ் 18 பாகை நிற்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இல்லை என்றே எழுதுகிறவள். மற்றது பழகிவிடும். மீனே தெரியாது என்றும் சொல்லாதே. ஏழு வயதில் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேற்றையது மாமா" என்று வியாபாரியின் முகத்துக்கு நேரே சொன்னாய். அன்று எனக்கு வெட்கம், அம்மாவுக்குப் பெருமை.

விண்ணப்பத்தில் "தரக்கட்டுப்பாட்டில் அனுபவம்" என்று மொட்டையாக எழுதாமல் அந்த 80 கணக்கை எழுது. சம்பளம் முன்னதைவிடக் குறைவாகச் சொல்வார்கள். எவ்வளவு குறைந்தால் வாடகை கட்ட முடியாது என்று கணக்குப் போட்டுக்கொண்டு போ.

அறைக்காரிக்கு இந்த மாதக் காசு நான் போட்டுவிட்டேன். அவளிடம் கேட்டுப் பார், என்னிடம் வாதாட வராதே. சனிக்கிழமை பஸ்ஸில் வா. சூடை மீன் மலிவாகக் கிடைக்கிறது, அம்மா பொரித்து வைப்பாள்.

அன்புடன்,
அப்பா