பொலிகிடாவைக் கொடுப்பவர் தாய் மந்தையையும் காக்கட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கலப்பினச் செம்மறி வளர்ப்பைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கலப்புக் குட்டி சீக்கிரம் எடை ஏறும், ஆகவே பழைய நாட்டு இனங்களை இனியும் வைத்திருக்கத் தேவையில்லை என்பது அதன் சாரம். முதல் பாதி உண்மைதான். இரண்டாம் பாதியைக் கடைப்பிடித்தால் முதல் பாதியும் கைக்கு எட்டாமல் போகும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நானும் அந்த வழியில் போனவன். எங்கள் பட்டியில் அறுபது பெட்டைகள் இருந்தன, எல்லாம் என் தாத்தா காலத்து வழி. பெரிய உடம்புக்காரக் கிடா ஒன்றை வாங்கி அவற்றோடு விட்டேன். முதல் ஈற்றுக் குட்டிகள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. அப்பனின் உடம்பும் தாயின் உறுதியும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அந்த மகிழ்ச்சியில் பெட்டைக் குட்டிகளை விற்காமல் நிறுத்தி, அவற்றுக்கும் அதே இனத்துக் கிடாவையே விட்டேன். பழைய பெட்டைகளை ஒவ்வொன்றாகக் கழித்தேன். மூன்றாம் தலைமுறையில் எல்லாம் மாறியது. மழை பெய்து புல் தழைத்ததும் ஆடுகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் ரத்தமில்லாமல் வெளுத்திருக்கும். தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கும். புழு மருந்து கொடுத்த கை ஓயவில்லை. பழைய பெட்டைகள் இதே புல்லைத் தின்று இதே புழுவோடு வாழ்ந்தவை. அவற்றைத் திரும்ப வாங்கலாம் என்று போனேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் என்னைப் போலவே செய்து முடித்திருந்தார்கள்.

இது எப்படி நடந்தது என்று பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளி இனக் கிடாவையே விட்டுக்கொண்டு போனால் குட்டியில் அதன் பங்கு முதல் தலைமுறையில் 50 விழுக்காடு, அடுத்து 75, பிறகு 87.5, நான்காவதில் 93.75. செம்மறியில் ஒரு தலைமுறைக்குச் சுமார் மூன்று ஆண்டு. பன்னிரண்டே ஆண்டில் பழைய இனம் பெயருக்குக்கூட மிஞ்சாது. சரி, கலப்புக்குக் கலப்பையே சேர்த்தால்? கலப்பு வீரியம், அதாவது இரண்டு இனம் சேரும்போது குட்டிக்குக் கூடுதலாக வரும் பலம் என்று சொல்கிறோமே, அது முதல் தலைமுறையில்தான் முழுமையாக இருக்கும். அந்தக் குட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்த தலைமுறையில் அதில் பாதிதான் நிற்கும். கட்டுரையாளர் படம் போட்டுக் காட்டிய அந்த அருமையான முதல் ஈற்றுக் குட்டி ஒவ்வோர் ஆண்டும் வேண்டுமென்றால், ஒவ்வோர் ஆண்டும் தூய பெட்டை வேண்டும். அந்தப் பெட்டையைத் தூய கிடாதான் தர முடியும்.

கென்யாவின் சிவப்பு மசாய் செம்மறி இதற்குக் கண்முன் நிற்கும் சான்று. ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் வயிற்றுப்புழுவைத் தாங்கும் தன்மைக்குப் பேர்போன இனம் அது. தென்னாப்பிரிக்காவில் டார்செட் ஹார்னையும் கருந்தலைப் பாரசீக ஆட்டையும் சேர்த்து உருவாக்கிய டார்ப்பர் கிடாக்கள் 1970களில் கென்யாவில் பரப்பப்பட்டன. டார்ப்பர் நல்ல இனம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தூய சிவப்பு மசாய் மந்தையை எங்கே, யார் நிறுத்தி வைப்பது என்ற ஏற்பாடு கூடவே போகவில்லை. ஈரப்பாங்கான பகுதிகளில் டார்ப்பர் புழுவுக்குத் தாக்குப்பிடிக்காதது பிறகு தெரிந்தது. அதற்குள் கண்ட இடத்திலெல்லாம் கலப்பு நடந்து முடிந்திருந்தது.

ஒரு இனத்துக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே நார்த் ரொனால்ட்சே தீவில் 1832இல் மதில் எழுப்பி ஆடுகளைக் கடற்கரைப் பக்கம் ஒதுக்கினார்கள். அவை கடற்பாசியைத் தின்றே வாழப் பழகின. பாசியில் தாமிரம் குறைவு என்பதால், கிடைக்கும் கொஞ்சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் உடம்பு அவற்றுக்கு. சாதாரண மேய்ச்சல் நிலமே அவற்றுக்குத் தாமிர நஞ்சாகிவிடலாம்.

வங்கத்துச் சுந்தரவனத்துக் காரோல் செம்மறியின் கதை என்னை இன்னும் வியக்க வைக்கிறது. பதினைந்து கிலோகூடத் தேறாத சிற்றாடு, சேற்று நிலத்தில் மேய்வது. எடையை மட்டும் பார்ப்பவர் முதல் பார்வையிலேயே கழித்துவிடுவார். 1790களில் வங்கத்து ஆடுகள் கப்பலேறி ஆஸ்திரேலியா போயின. நூற்றைம்பது ஆண்டுக்குப் பின், ஒரே ஈற்றில் பல குட்டி போடும் பூரூலா மெரினோ என்ற மந்தையை அங்கே விஞ்ஞானிகள் வியந்து ஆராய்ந்தார்கள். அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2001இல் அடையாளம் காணப்பட்டது. அடுத்து காரோலைச் சோதித்தபோது அதே மாற்றம் அதனிடமும் இருந்தது. மகாராஷ்டிரத்தின் பல்டண் ஊரிலுள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஒரு மரபணுவை மட்டும் காரோலிடமிருந்து தக்காணி என்ற செம்மறி இனத்து மந்தைக்குள் கொண்டுவந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் குட்டிகளைச் சோதித்து, தேர்ந்தெடுத்து, இரட்டைக்குட்டி ஈனும் மந்தையை உருவாக்கினார்கள். கலப்பு என்றால் எனக்கு இதுதான். எதை எடுக்கிறோம், எதை விடக் கூடாது என்று தெரிந்து செய்த வேலை.

தூய இனம் காப்போரிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நூறு பெட்டைக்கு ஒரே கிடா, அதுவும் கொம்பழகு பார்த்து எடுத்த கிடா என்று ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். குட்டிகளுக்கெல்லாம் அப்பன் ஒன்றே என்பதால், மரபுக் கணக்கில் அந்த மந்தை வெறும் நான்கு ஆடுகளுக்குச் சமம். உள்ளுறவுச் சேர்க்கை, அதாவது நெருங்கிய ரத்த உறவுக்குள் இனம் சேர்வது, ஒரு தலைமுறைக்கு 12 விழுக்காட்டுக்கு மேல் ஏறும். அதே நூறு பெட்டைக்கு உறவில்லாத பத்துக் கிடாக்கள் இருந்தால் கணக்கு 36 ஆடுகளாக உயர்ந்து, உள்ளுறவு ஒன்றரை விழுக்காட்டுக்குள் அடங்கும். இந்தக் கணக்கு ஐம்பது ஆடுகளுக்குக் குறையக் கூடாது என்பது உலகமெங்கும் இனக்காப்பில் சொல்லப்படும் அளவு. ஒருவர் பத்துக் கிடா வைத்துத் தீனி போட முடியாது என்பது எனக்கும் தெரியும். பத்துப் பேர் ஆளுக்கொரு கிடா வைத்து, இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றிக்கொள்ள முடியுமே! கிடாவுக்குப் பதிலாக உறையவைத்துச் சேமித்த விந்து, உறைவிந்து, இருக்கிறதே என்பார்கள். பசுவைப் போலச் செம்மறிக்கு அது எளிதாகக் கைகூடுவதில்லை. கருப்பை வாயின் மடிப்புகள் வழிவிடாததால் வயிற்றில் துளையிட்டுக் கருவியைச் செலுத்த வேண்டியிருக்கிறது. நடமாடும் கிடாவுக்கு அது ஈடாகாது.

ஆகவே, கலப்புக்கு எத்தனை பெட்டையை விடலாம்? என் கணக்கு இது. நூறு பெட்டையில் ஆண்டுக்கு இருபது கழியும். பெட்டைக்கு ஒரு குட்டி, அதில் பாதி பெண், சாவு போக நிற்பவை இன்னும் குறைவு. இருபது நல்ல பெட்டைக் குட்டி தேற வேண்டுமென்றால் ஐம்பதையாவது தன் இனக் கிடாவோடு சேர்க்க வேண்டும். மிச்சத்தில் சுமாரானவற்றை, வயதானவற்றைக் கலப்புக்கு விடலாம். அதில் பிறக்கும் குட்டி, ஆணோ பெண்ணோ, முழுக்க விற்பனைக்கு. எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒன்றைக்கூட இனவிருத்திக்கு நிறுத்தக் கூடாது. காதில் எண் வில்லையும், தாய் தகப்பன் எழுதிய ஒரு நோட்டும் இல்லாமல் இது நடக்காது. நான் தவறியது அங்கேதான்.

வெளி இனப் பொலிகிடாக்களை வினியோகிப்பவர்கள், அந்தக் கிடா போய்ச் சேரும் பகுதியின் தாய் இனத்துக்கும் ஒரு தூய மந்தையை நிறுத்தி, அதிலிருந்து கிடா கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை கலப்பினக் குட்டியின் எடை அட்டவணையை அச்சிடும்போது, அதே பண்ணையில் மூன்றாம் தலைமுறைக் குட்டிகள் எத்தனை செத்தன, ஆண்டுக்கு எத்தனை முறை புழு மருந்து கொடுத்தார்கள், தூய பெட்டைகள் இன்னும் எத்தனை மிச்சம் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
செம்மறி வளர்க்கும் வாசகர்