லைப்ஸிக்கிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

வீட்டில் எல்லோரும் நலமா? எனக்கு வேலை பழகிவிட்டது, ஜெர்மனும் மெல்ல மெல்ல வருகிறது. குளிர்காலம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவர்கள், மே மாதம் பிறந்ததும் பூங்காவே கதி என்று இருக்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகவில்லை.

போன சனிக்கிழமை இங்கே ஷூமன் வீட்டில் ஒரு கச்சேரி கேட்டேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனும் கிளாராவும் 1840-இல் கல்யாணமாகிக் குடியேறிய வீடு அது, இப்போது அருங்காட்சியகம். ஒரு பாடகர், ஒரு பியானோ, மைக் கிடையாது. 'டிஷ்டர்லீபே', அதாவது 'கவிஞனின் காதல்' என்ற ஷூமனின் பாடல் தொடர். 16 பாடல்கள், அரை மணி நேரம். நடுவில் யாரும் கைதட்டுவதில்லை.

கவிதைகள் ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனேயுடையவை. 1831-இல் பாரிஸுக்குப் போய் அங்கேயே வாழ்ந்து மறைந்தவர். ஊரை விட்டு வந்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். சின்னச் சின்னக் கவிதைகள்தான், என் அரைகுறை ஜெர்மனுக்கே புரிகின்றன. முதல் பாட்டில் மே மாதம், மொட்டு விரிகிறது, காதல் பிறக்கிறது. வார்த்தையில் துயரமே இல்லை. ஆனால் பியானோ வந்து சேர வேண்டிய சுரத்தில் சேராமல் அந்தரத்தில் நின்றுவிடுகிறது. காதலி அவனை விட்டுப் போய்விடுவாள் என்று அதற்கு மட்டும் முன்பே தெரியும் போல.

12-ஆவது பாட்டில் தோட்டத்துப் பூக்கள் அந்தக் காதலனைப் பார்த்து, எங்கள் சகோதரி மேல், அதாவது விட்டுப்போன காதலி மேல், கோபப்படாதே என்கின்றன. அவன் பதில் சொல்வதில்லை. கடைசிப் பாட்டில் ஒரு பிரம்மாண்டமான சவப்பெட்டி கேட்கிறான், தூக்க 12 ராட்சதர்களும் வேண்டுமாம். காதலையும் வலியையும் அதில் போட்டுக் கடலில் மூழ்கடித்துவிடுகிறான். ஹைனே அங்கே முடித்துக்கொள்கிறார். ஷூமன் முடிக்கவில்லை, அக்கா. பாடகர் வாய்மூடி நிற்கிறார். பியானோ மட்டும் தனியாக, அந்தப் பூக்கள் பேசிய பாட்டின் முடிவில் வந்த இசையை எடுத்து வாசித்துக்கொண்டே போகிறது. கோபப்படாதே என்று பூக்கள் சொன்னதற்கு அவன் தராத பதிலை அது தருவதாகத்தான் நான் கேட்டேன்.

இதை ஷூமன் எழுதியது 1840 மே கடைசியில். கிளாராவின் அப்பா சம்மதிக்காததால் கல்யாண அனுமதிக்கு நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தது, செப்டம்பரில்தான் கல்யாணம். அந்த ஒரே ஆண்டில் 130-க்கும் மேற்பட்ட பாடல்கள் எழுதியிருக்கிறார். தீர்ப்புக்குக் காத்திருந்த மனுஷனுக்குக் காதலைக் கடலில் விட்டுவிட மனசு வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஒரு நல்ல பதிவு அனுப்புகிறேன். பிள்ளைகள் தூங்கியதும் ஹெட்போன் போட்டுக் கேள். பாடுகிறவர் நிறுத்தியதும் அணைத்துவிடாதே, அதற்கப்புறம்தான் விஷயமே இருக்கிறது.

அப்பாவின் கண் ஆபரேஷனுக்குத் தேதி முடிவானதும் உடனே சொல்.

அன்புடன்,
உன் தம்பி