கணினி வரட்டும், நோட்டைப் பிடுங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆஸ்பத்திரிகளில் காகிதமே இல்லாமல் எல்லாம் கணினிக்கு மாறப்போகிறது என்று பெருமையாகப் பேசுகிறார்கள். நல்லதுதான். தினமும் அந்தத் திரைக்கு முன்னால் உட்காருகிற மருத்துவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

சர்க்கரைக்கு மாதாமாதம் மாத்திரை வாங்க வரும் ஒரு பாட்டி, மஞ்சப்பையிலிருந்து, மாதாமாதம் சர்க்கரை அளவு எழுதிய, ஓரம் மடங்கிப்போன நோட்டை எடுத்து நீட்டுவார். நான்கு பக்கம் புரட்டினால் ஜனவரியில் 180, பிப்ரவரியில் 205, மார்ச் காலி, ஏப்ரலில் 260 என்று கண்ணில் பட்டுவிடும். "மார்ச் மாசம் ஏன் வரல பாட்டி?" என்று கேட்டால், பேத்தி பிரசவத்துக்குப் போய்விட்டேன், மாத்திரையும் தீர்ந்துபோச்சு என்பார். அவ்வளவுதான், அவருக்கு மாத்திரையைக் கூட்ட வேண்டியதில்லை என்று தெரிந்துவிடும். இதே விவரம் கணினியிலும் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு தேதியாகத் திறந்து மூட வேண்டும், கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்களை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது, இதற்குள் நெட் நின்றுவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், வெளியே வரிசையோ வாசலைத் தாண்டியிருக்கும். பாட்டியின் முகத்தை எப்போது பார்ப்பது?

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. மருத்துவர்கள் நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய 2 மணி நேரம் கணினிக்கும் மேசை வேலைக்கும் போகிறது என்று அமெரிக்காவில் 2016-இல் வந்த ஆய்வு சொன்னது.

அதற்காகக் காகிதமே போதும் என்று சொல்ல மாட்டேன். ஈ.சி.ஜி. தாள் சில வருடங்களில் வெளுத்துவிடும். பெனிசிலின் ஒவ்வாது என்று எழுதிய சீட்டு மழையில் நனைந்து போனால் உயிருக்கே ஆபத்து. 2021-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் நோயாளிக்குத் தரும் 14 இலக்க எண் மூலம், அவர் சம்மதித்தால் எந்த ஊரிலும் பழைய விவரம் கிடைக்கும் என்றால் அது பெரிய விஷயம்.

ஆனால் இப்போதிருக்கும் திரை மேலிடத்துக்குக் கணக்கு அனுப்புவதற்காகச் செய்தது போல இருக்கிறது. கடைசி ஆறு மாத சர்க்கரை, பிரஷர், மாத்திரை மூன்றும் ஒரே பக்கத்தில் தெரியட்டும், ஒவ்வாமை மேலே சிவப்பில் இருக்கட்டும். பதிவு செய்ய ஓர் ஆளைக் கொடுங்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் ஓ.பி.யில் வந்து பக்கத்தில் உட்காரட்டும். அதெல்லாம் நடக்கும் வரை பாட்டியின் நோட்டை நிறுத்தச் சொல்லி உத்தரவு போடாதீர்கள்.

இப்படிக்கு,
அரசு மருத்துவர் ஒருவர்