உப்பு தின்ற வண்டி

டெட்ராய்ட், மிச்சிகன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். ஞாயிற்றுக்கிழமை போனில் "பிரேக்கில் கோளாறு என்று கம்பெனியே கடிதம் போட்டிருக்கிறது" என்று நான் ஆரம்பித்ததுமே, "அந்த வண்டியை இன்றைக்கே தள்ளிவிடு" என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். முப்பது வருடம் திருச்செந்தூர் பஸ் ஓட்டியவருக்கு பிரேக், கோளாறு என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வந்தால் அதற்குமேல் எதுவும் காதில் ஏறாது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நடுவில் குறுக்கிட மாட்டீர்கள்.

வண்டியின் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்அப். நம் ஊரில் வாழைத்தார் ஏற்றுகிற வண்டியை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. இங்கே பாதிப்பேர் அந்தத் தொட்டியில் ஒன்றுமே ஏற்றாமல் அலுவலகம் போய்வருகிறார்கள். பனிக்கு உயரமான வண்டிதான் நல்லது என்று எல்லோரும் சொன்னதால் நானும் பழையதாக ஒன்று வாங்கினேன்.

நவம்பர் கடைசியில் ஒரு காலை. எங்கள் தெரு முடிகிற இடத்தில் 'நில்' பலகை உண்டு. எதிரே ஈ காக்கை இல்லாவிட்டாலும் முழுதாக நிறுத்திவிட்டுத்தான் நகர வேண்டும். சைக்கிள் வேகத்தில் வந்து பிரேக்கை மிதித்தேன். தையல் மெஷினில் கால் வைத்ததுபோல் மிதி அதிர்ந்தது. முன்பக்கம் டர்ரென்று ஒரு சத்தம். வண்டி நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, பாதி வண்டி சாலைக்குள் போன பிறகுதான் நின்றது. நாயைப் பிடித்துக்கொண்டு கடக்க வந்த கிழவர் ஒரு கையைத் தூக்கினார். திட்டினாரா, மன்னித்தாரா, தெரியவில்லை. நாய் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

பனி வழுக்கியிருக்கும் என்று முதலில் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் அன்று சாலை காய்ந்து கிடந்தது. பிறகு இரண்டு தடவை அதேபோல் ஆனது. வேகமாகப் போகும்போது பிரேக் கச்சிதமாகப் பிடிக்கும். நிற்கப்போகிற கடைசி நேரத்தில்தான் காலை வாரிவிடும்.

மழையில் எனக்கு வண்டி பழக்கியபோது என்ன சொல்வீர்கள்? "ஒரேயடியாக மிதிக்காதே, விட்டு விட்டு மிதி. சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் உன் பேச்சைக் கேட்காது." அதையேதான் இந்த வண்டியில் உள்ள ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பிரேக் அமைப்பு, ஒரு நொடிக்குள் பல தடவை செய்கிறது. சக்கரத்து அச்சில் ஒரு பல்வளையம், அதை ஒட்டி ஒரு காந்த சென்சார். பற்கள் கடந்துபோகும் வேகத்தை வைத்துச் சக்கரம் சுற்றுகிறதா, பூட்டிக்கொண்டதா என்று ஒரு சின்னக் கணினி கண்டுபிடிக்கும். பூட்டிக்கொண்டால் அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் கண நேரம் தளர்த்திவிட்டு, மறுபடி கொடுக்கும். ஆகவே ஏபிஎஸ் உள்ள வண்டியில் நாம் விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. அழுத்தி மிதித்தபடியே இருக்க வேண்டும். உங்கள் பாடத்தை என் கால் மறக்க ஒரு குளிர்காலம் ஆனது.

என் வண்டியில் அந்த சென்சார் உட்காரும் இடத்தில் துரு. துரு பருத்து, சென்சாரை மயிரிழை அளவு மேலே தூக்கிவிட்டது. வண்டி ஓடும்போது சிக்னல் எப்படியோ கிடைத்துவிடுகிறது. மெதுவாகும்போது சிக்னல் இயல்பாகவே மெலியும், இடைவெளியும் கூடிவிட்டதால் அடியோடு அற்றுப்போகிறது. கணினி சக்கரம் பூட்டிக்கொண்டதாக நினைத்து, நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது.

துரு எப்படி வந்தது என்று தூத்துக்குடிக்காரரிடம் சொல்லவேண்டியதில்லை. உப்பளத்து லாரிகளின் தரை இற்றுப்போனதைச் சின்ன வயதில் நீங்கள்தானே காட்டினீர்கள்? இங்கே பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். இந்த நகரத்துக்கு அடியில் சுமார் 1,200 அடி ஆழத்தில் ஒரு உப்புச் சுரங்கமே இருக்கிறது! டிசம்பர் வந்துவிட்டால் கார்கள் எல்லாம் கருவாடு மாதிரி வெள்ளை பூத்துத் திரிகின்றன. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். தின்றது வண்டி, தண்ணீர் குடித்தது நான்.

அந்தக் கடிதம் பீட்சா கூப்பன்களுக்கும் இன்ஷூரன்ஸ் விளம்பரங்களுக்கும் நடுவே வந்தது. குப்பைக்குப் போக இருந்ததை உங்கள் மருமகள்தான் உறையில் இருந்த 'பாதுகாப்புத் திரும்ப அழைப்பு' என்ற எழுத்துகளைப் பார்த்து எடுத்துவைத்தாள். குறையுள்ள வண்டியைச் சரிசெய்யக் கம்பெனியே திரும்பக் கூப்பிடுவதற்குத்தான் அந்தப் பெயர். பழைய வண்டிக்காரனான என்னை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்பீர்கள். மாநிலப் பதிவேட்டில் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் 17 எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாளம் உண்டு.

கம்பெனிக்காரர்கள் உத்தமர்கள் என்று நான் சொல்லவரவில்லை. 1966-இல் போட்ட சட்டம் கழுத்தைப் பிடித்திருக்கிறது. பாதுகாப்புக் குறை இருப்பதாக அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்புக்குச் சொல்லிவிட்டால், 60 நாளுக்குள் உரிமையாளர்களுக்குத் தபால் அனுப்பியாக வேண்டும், காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். அந்தச் சலுகை, வண்டி முதலில் விற்ற நாளிலிருந்து 15 ஆண்டு வரை. நம் நாட்டிலும் 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் இப்படி ஒரு பிரிவு வந்திருக்கிறது, பாண்டி அண்ணனிடம் சொல்லுங்கள்.

எனக்கு எரிச்சல் மூட்டியது வேறு. முதல் கடிதத்தில் குறை இருப்பதை மட்டும் சொல்லி, உதிரிபாகம் வந்ததும் மறுபடி எழுதுவோம் என்று முடித்திருந்தார்கள். அதுவரை? பக்கத்து வீட்டுக்காரர் ஏபிஎஸ் ஃப்யூஸைப் பிடுங்கிவிடச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. முன்வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டு, நிற்கவேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே வேகத்தைக் குறைத்து, ஏழு வாரம் ஓட்டினேன்.

நேற்றுதான் முடிந்தது. மெக்கானிக் சென்சாரைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினார். அடியில் பழுப்பு நிறத்தில், தீய்ந்த அப்பளப் பொருக்குபோல் துரு. அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருப்பிடிக்காத பூச்சு தடவி, புது சென்சார் மாட்டினார். பில்லில் பூஜ்யம் போட்டிருந்தது. திரும்பி வரும்போது அதே பலகையிடம், ஆளில்லாத நேரம் பார்த்து, நான்கு தடவை நிறுத்திப் பார்த்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது.

விற்றுவிடு என்றீர்களே, பழுதோடு விற்றிருந்தாலும் இங்கே சட்டம் என்னைத் தடுத்திருக்காது. ஆனால் அதை வாங்கியவனும் அதே தெருவில் அந்த நாய்க்காரரைச் சந்தித்திருப்பான்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது கிழவரும் நாயும் வரும் பத்தியைத் தாண்டிவிடுங்கள். பனியில் வழுக்கியது என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் அன்பு மகன்