கயிறும் கப்பியும் ஒரு பாவாடையும்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது. பதில் போடாததற்கு ஆசை தீரத் திட்டிக்கொள். பேத்திக்குக் காய்ச்சல் வந்து போனது, இப்போது தேவலை. இவருக்கு ஸ்டாக்ஹோமின் கோடைகூடக் குளிர்கிறதாம், ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்கிறார். ரமணி மகள் கல்யாணத்துக்கு நான் வர முடியாது. என் பங்கு விருந்தையும் நீயே சாப்பிட்டுவிடு. பந்தியில் உன்னை மிஞ்ச ஆள் ஏது?

இங்கே நகரத்துக்கு மேற்கே, ஏரித் தீவு ஒன்றில் டிராட்னிங்ஹோம் அரண்மனை இருக்கிறது. அதையொட்டி 1766இல் கட்டிய நாடக அரங்கு ஒன்று. மூன்றாம் குஸ்தாவ் மன்னர் 1792இல் கொலையுண்ட பிறகு அந்த அரங்கைச் சீந்துவார் இல்லை. 1921இல் ஆக்னே பேயர் என்ற ஆய்வாளர் ஏதோ ஓவியத்தைத் தேடி உள்ளே போனாராம். பார்த்தால், படுதாக்களும் சக்கரங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன! கயிறுகளை மாற்றித் தூசி தட்டினார்கள், மறு வருடமே அரங்கு திறந்துவிட்டது. நான் அங்கே போய்வந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை, எல்லோரும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். மிச்சத்தை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கடல் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? திருகாணிபோல் முறுக்கிச் செதுக்கிய நீண்ட மர உருளைகளுக்கு நீல வண்ணம் பூசி, மேடையின் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாகக் கிடத்தியிருக்கிறார்கள். ஓரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் முகடு எழுந்து, நகர்ந்து, அடங்குகிறது. இடிக்கு, கற்கள் போட்ட நீள மரப்பெட்டி. கயிற்றை இழுத்துப் பெட்டியைச் சாய்த்தால் கற்கள் உருண்டு கூரையே அதிர்கிறது. மேடைக்கு அடியில் கப்பல் நங்கூரம் இழுக்கிற மாதிரியான பெரிய உருளை. அதை ஆட்கள் தள்ளிச் சுற்றினால் இரு பக்கத்திலும் காட்சி வரைந்து நிறுத்திய தட்டிகள் ஒரே நேரத்தில் நழுவி, அரண்மனை காடாகிவிடுகிறது. திரை போடுவதே இல்லை, நம் கண்ணெதிரேயே நடக்கிறது. ஆண்டாள் டீச்சர் இதைப் பார்த்திருந்தால் அந்தத் திரை விவகாரமே நடந்திருக்காது!

இந்த ஏற்பாட்டை நன்றாக ஓடவைத்தவர் ஜாக்கோமோ டொரெல்லி. 1640களில் வெனிஸில் இவருடைய காட்சிமாற்றத்தைப் பார்த்த ஜனங்கள் இவரை மந்திரவாதி என்றே அழைத்தார்களாம். 1645இல் பாரிஸுக்கு வரவழைத்தார்கள். 1653இல் 14 வயது பிரெஞ்சு அரசன் பதினான்காம் லூயி, இரவெல்லாம் நீண்ட ஒரு பாலே நடன நிகழ்ச்சியின் முடிவில் உதிக்கும் சூரியனாகப் பொன்னுடையில் வந்து ஆடினானே, அதற்கு இயந்திரம் அமைத்தவரும் இவர்தான். உள்நாட்டுக் கலகத்தில் பாரிஸை விட்டே ஓட நேர்ந்த பையன் அவன். சூரியனாக வந்து நின்றபோது எதிரே உட்கார்ந்திருந்த பிரபுக்களுக்கு விஷயம் புரியாமலா போயிருக்கும்?

பாலே சரித்திரத்தை ராஜாக்களையும் ஆடியவர்களையும் வைத்தே எழுதிவிடுகிறார்கள் என்பது என் மனத்தாங்கல். ஆட்டத்தின் போக்கை மாற்றியதில் தச்சருக்கும் விளக்குக்காரருக்கும் பாதிப் பங்கு உண்டு என்று அடித்துச் சொல்வேன். 1581இல் பாரிஸில் ராஜமாதா கேதரின் டி மெடிசியின் ஆதரவில் நடந்த அரண்மனைக் கல்யாணம் ஒன்றுக்கு பெல்ஜியோயோசோ என்ற இத்தாலிய வயலின்காரர் அமைத்த பாலே, இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை மூன்றரை வரை நடந்தது. தனி மேடை கிடையாது, கூடத்துத் தரையிலேயே ஆட்டம். ஜனங்கள் மாடங்களில் இருந்து குனிந்து பார்த்தார்கள். ஆகவே வட்டம், சதுரம், முக்கோணம் என்று தரையில் கோலம் போட்டதுபோல் ஆடினார்கள். பிறகு படத்துக்குச் சட்டம் போட்டதுபோல் முன்பக்கம் மட்டும் திறந்த மேடை வந்தது, பார்ப்பவர்கள் எதிரே போய் உட்கார்ந்தார்கள். மேலிருந்து பார்க்க ஆளில்லை என்றால் கோலம் எதற்கு? ஆடுபவர்கள் முன்பக்கம் திரும்பினார்கள், பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பி வைப்பதற்கு மதிப்பு ஏறியது. இன்னொன்று, தட்டிகளில் வரைந்த வீடுகள் பின்னால் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். அங்கே போய் நின்றால் ஆடுகிறவள் கூரைக்கு மேலே தலை நீட்டும் ராட்சசியாகத் தெரிவாள். எனவே முன்மேடையில்தான் ஆட்டம், விளிம்பில் எரியும் விளக்குக்கு அருகில்.

அந்த விளக்குக்காகத்தான் இப்போது பேனாவை எடுத்தேன், கோமதி. பாரிஸ் ஆப்பெரா அரங்குக்கு 1822இல் எரிவாயு விளக்கு வந்தது. அதைத் தணித்து நிலவொளி உண்டாக்கினார்கள். அந்த மங்கலில்தான் 1832இல் மரீ தாலியோனி வெள்ளை வலைத்துணிப் பாவாடையில் வனதேவதையாக வந்து எல்லோரையும் மயக்கினாள். அவளுடைய மாணவி எம்மா லிவ்ரி. துணியை ரசாயனக் கரைசலில் தோய்த்தால் தீப்பிடிக்காது என்று அப்போதே தெரியும், 1859இல் அதற்கு அரசாணையும் வந்தது. தோய்த்த துணி விறைக்கிறது, நிறம் மங்குகிறது என்று எம்மா அதை உடுத்த மறுத்துவிட்டாள். 1862 நவம்பர் 15, ஒத்திகை. வாய் பேசாத பெண் வேடம். பாவாடை விளக்கில் பட்டது. பற்றிய தீயோடு மேடை முழுக்க ஓடினாள். தீயணைப்பு ஆள் ஒருவர் போர்வையால் சுற்றி அணைப்பதற்குள் உடல் வெந்துவிட்டது. எட்டு மாதம் வேதனைப்பட்டு அடுத்த ஜூலையில் செத்துப்போனாள். 21 வயதுகூட நிரம்பவில்லை.

உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஆண்டு விழாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள், நைலான் வலைத்துணிப் பாவாடை, மேடை விளிம்பு முழுக்க எரியும் அகல்விளக்குகள். வேண்டாம். நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்து எடுக்க முடியாது. பேட்டரி அகல் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது, அதை வாங்கு. தலைமை ஆசிரியை நிஜ விளக்குதான் மங்கலம் என்று பிடிவாதம் பிடித்தால், குத்துவிளக்கைக் கீழே வரவேற்பிலேயே ஏற்றிவிட்டு வரச் சொல். மேடை ஓரத்தில் மணல் வாளியும் கனத்த பருத்திப் போர்வையும் இருக்கட்டும், அவற்றின் அருகிலேயே ஓர் ஆள் நிற்கட்டும். நீ சிரிப்பாய். சிரித்துவிட்டுச் செய்.

விளக்கு போய்விட்டால் மேடை வெறிச்சென்று இருக்குமே என்பாய். கடல் வைத்துக்கொள்! நான்கு உருளை போதும், பெரிய பிள்ளைகள் ஓரத்தில் உட்கார்ந்து சுற்றட்டும். அளவு போட்டு வரைந்து இதோடு வைத்திருக்கிறேன், உங்கள் தச்சரிடம் காட்டு. எந்த மரம் என்று அவர் சொல்வதை உடனே எழுது. சாரதாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
வசந்தா